அவருடைய பாட்டிலில் ஊற்றிய மோர்

2024 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். பால்கனியில் தொங்கும் வெப்பமானி இருபத்தெட்டு காட்டியது. முதல் காரியமாக, வழக்கம்போல, காபி. எனக்கென்று ஒரு டம்ளர் உண்டு. அதில் வேறு யாரும் குடிப்பதில்லை. என் பெண் பத்து வயதில் ஒரு நாள் அதில் பால் குடித்துவிட்டாள் என்று அதைப் புளி போட்டுத் தேய்க்க வைத்தேன். வீட்டில் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பிறகு செய்தித்தாள், குளியல், சுவாமி விளக்கு. எட்டு மணிக்குப் பம்பாய் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூவும் கறிவேப்பிலையும் வாங்கினேன். பத்தரைக்குச் சாப்பாடு. வெயில் காலத்து ஞாயிறுகளில் சாப்பிட்டதும் ஒரு தூக்கம் போடுவது என் நெடுநாள் பழக்கம். மார்ச் மாதத்திலிருந்து அது போய்விட்டது. அந்த நேரத்தில் கடல் எப்போது ஏறும், எப்போது வடியும் என்ற அட்டவணையைப் பார்த்துவிட்டு, பையில் சாமான்களை ஒரே வரிசையில் அடுக்குவேன்: ஹெல்மெட், மிதவைச் சட்டை, ரப்பர் செருப்பு, துண்டு, தண்ணீர். அன்று மூன்று மணிவாக்கில் கடல் நிறைந்திருக்கும். காற்று இரண்டு மணிக்கே வந்துவிடும். எல்லாம் பொருந்தி வந்த நாள்.

நான் கப்பல் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் முப்பது வருடமாக வேலை பார்க்கிறவன். கடலைக் காகிதத்தில் மட்டுமே பார்த்து ஐம்பத்து மூன்று வயதாகிவிட்டது. போன வருடம் மாஹிம் வழியாக பஸ்ஸில் போகும்போது, ஒரு ஆள் பாய் பிடித்தபடி தண்ணீருக்கு இரண்டடி மேலே, சத்தமே இல்லாமல் போவதைப் பார்த்தேன். அலையில் படவே இல்லை. விசாரித்ததில் அதற்கு விண்ட்சர்ஃப் ஃபாயில் என்று பெயர் சொன்னார்கள். நின்று ஓட்டும் பலகை, அதன்மேல் ஒரு பாய்மரம், அடியில் ஒரு ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு தண்டு, தண்டின் முனையில் விமானத்துக்கு இருப்பதுபோல் இறக்கை. வேகம் எடுத்தால் தண்ணீருக்குள் இருக்கும் இறக்கை பலகையை மேலே தூக்கிவிடும். அதைக் கற்றுத்தர மாஹிம் கடற்கரையில் ஒரு சிறிய கிளப் இருந்தது.

அங்கே ஒரு விதி. இருவருக்கு ஒரு பலகை. ஒருவர் கடலில் இருக்கும்போது மற்றவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஜோடி இல்லாதவருக்குப் பலகை இல்லை. மே கடைசியில் மழைக்காகக் கிளப்பை மூடிவிடுவார்கள். அதற்குள் ஒரு தடவையாவது நான் தண்ணீரைவிட்டு மேலே எழும்பிவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கு என் ஜோடி வேண்டும்.

மார்ச் இரண்டாம் ஞாயிறு எனக்குக் கிடைத்த ஜோடிக்கு என் வயதுதான் இருக்கும். கறுத்த, தாட்டியான மனிதர். தாடி வைத்திருந்தார். தாராவியில் தோல்பை செய்யும் பட்டறை அவருக்குச் சொந்தம். முதுகுவலிக்கு டாக்டர் தண்ணீரில் இறங்கச் சொன்னாராம், நீச்சல் குளத்து மருந்து நாற்றம் பிடிக்காமல் கடலுக்கு வந்ததாகச் சொன்னார். கிளப்பில் எல்லாரிடமும் அச்சு அசலான பம்பாய் இந்தி. தோல் வேலை, தாடி, அந்த இந்தி எல்லாவற்றையும் கூட்டி, அவரை வடக்கே உத்தரப் பிரதேசத்துக்காரர் என்று நான் தீர்மானித்துக்கொண்டேன். ஊர் எது என்று ஏழு வாரத்தில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

தண்ணீரில் அவர் நல்ல ஜோடி. காற்று பலமாக வரப்போகிறது என்றால் வலது கையை உயர்த்துவார். நான் விழுந்தால் எழும் வரை கையை இறக்க மாட்டார். அவர் விழும்போது நானும் அப்படியே செய்வேன். இரண்டாவது ஞாயிறு, தன் பட்டறை எந்தச் சந்தில் என்று அடையாளம் சொல்லி, ஒருநாள் டீ குடிக்க வாருங்கள் என்று இந்தியில் கூப்பிட்டார். நிச்சயம் வருகிறேன் என்றேன். அவர்மேல் எனக்குப் பிரியம் உண்டாகியிருந்தது. நடந்ததற்குப் பிறகு அதைச் சொல்லத்தான் அதிகக் கூச்சமாக இருக்கிறது.

அன்று முதல் தடவையாக என் மனைவியும் பார்க்க வந்தாள். மணலில் ஒரு ஓரமாகக் குடையை விரித்து, கூடையிலிருந்து மோர் பாட்டிலையும் இரண்டு எவர்சில்வர் டம்ளரையும் எடுத்து வைத்தாள். நான் ஹெல்மெட்டை மாட்டியதும் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏன்னா, சமுத்திரத்துல ஸ்கூட்டர் ஓட்டப் போறேளா? பின்னாடி நானும் ஏறிக்கட்டுமா?"

"சிரிக்காதேடி, பாத்துண்டிருக்கா எல்லாரும்."

"பாத்தா என்ன? புரியவா போறது?"

பம்பாயில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இது சிறுவயதிலேயே வந்த பழக்கம். ரயிலில், லிஃப்டில், வங்கி வரிசையில், பக்கத்தில் நிற்கிறவரைப் பற்றி அவர் முன்னாலேயே தமிழில் பேசுவோம். முகத்தை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொண்டால் போதும். என் அப்பாவும் அம்மாவும் அப்படித்தான் பேசினார்கள். தமிழ் எங்களுக்குக் கதவைச் சாத்திக்கொண்ட அறை மாதிரி.

என் ஜோடி வந்து, என் மனைவிக்கு நமஸ்தே சொல்லிவிட்டு, இரண்டடி தள்ளி உட்கார்ந்து மிதவைச் சட்டையின் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். வயிற்றைச் சுற்றிப் பட்டை எட்டவில்லை.

"இவர்தானா ஒங்க ஜோடி?" என்றாள் மனைவி.

"இவனேதான். இவன் ஏறினா போர்டு எழும்பாது, சமுத்திரம்தான் எழும்பும்."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவர் நிமிராமல் பட்டையை இழுத்துக்கொண்டே இருந்தார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் டம்ளரில் மோரை ஊற்றி எனக்குக் கொடுத்தாள். குடித்தேன். இரண்டாவது டம்ளரில் ஊற்றி அவர் பக்கம் நீட்டப் போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"அதுல வேண்டாம்."

"ஏன்?"

"தோல் வேலை பண்றவன். நம்ம டம்ளர் எதுக்கு? அவன்கிட்டயே பாட்டில் இருக்கு, அதுல விட்டுடு."

"பாவம்னா. இதுல என்ன இருக்கு?"

"சொன்னாக் கேளு. அப்பறம் அதை யார் தேய்க்கறது?"

அவள் டம்ளரை என் கையில் கொடுத்தாள். நான் அவரைப் பார்த்துச் சிரித்து, வெயிலுக்கு நல்லது, உங்கள் பாட்டிலில் ஊற்றட்டுமா என்று இந்தியில் கேட்டேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் பச்சை பிளாஸ்டிக் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை மணலில் கொட்டிவிட்டு நீட்டினார். டம்ளரின் விளிம்பு பாட்டிலில் படாமல் உயர்த்தி ஊற்றினேன். நான் எதையும் சிந்தாமல் ஊற்றுகிறவன். அன்றும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அவர் மூடியைத் திருகிப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் குடிப்பார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

முதல் முறை அவருடையது. இரண்டு தடவை பலகை மேலெழுவது போலத் துள்ளி விழுந்தார். மூன்று மணிக்குப் பிறகு நான் இறங்கினேன். காற்று மேற்கிலிருந்து சீராக வந்துகொண்டிருந்தது. கரைப்பக்கம் பார்த்தேன். இடுப்பளவு நீரில் நின்றபடி அவர் வலது கையை உயர்த்தினார். பாயை உடம்போடு இழுத்து, பின்காலில் எடையைக் கொடுத்தேன். அலை பலகையை அறையும் சத்தம் தட் தட்டென்று கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றுவிட்டது. கீழே பார்த்தேன். பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவில் இடைவெளி. அதில் பலகையின் நிழல் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

எழும்பிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தை ஒளிக்க வேண்டியதில்லை. வாய்விட்டுக் கத்தினேன். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. திரும்பினால் விழுந்துவிடுவேன் என்று நேராகவே போனேன். பாந்த்ராவுக்குப் போகும் கடல் பாலத்தின் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகுதான் பயம் வந்தது. பயந்ததும் விழுந்தேன். விழும்போது முழங்காலுக்குக் கீழே இறக்கை கிழித்தது.

பலகைமேல் குப்புறப் படுத்தேன். காலை ஊன்ற முடியவில்லை. பாய் தண்ணீரில் நனைந்து கிடந்தது. கடல் வடியத் தொடங்கியிருந்ததால் கரை மெல்ல விலகிக்கொண்டிருந்தது. கிளப்பின் ஒரே மோட்டார் படகு வேறு இருவரை இழுத்துக்கொண்டு தெற்கே போயிருந்தது. கையை ஆட்டினேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பார்ப்பதற்கென்றே ஒருவர் நின்றிருந்தது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.

பாய் இல்லாத அகலப் பலகை ஒன்றில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அவர் வந்தார். வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது.

"அந்தக் கால அசைக்காதிய. ரத்தம் வருது."

"ரொம்ப ஆழமா வெட்டியிருக்கா?"

"இல்ல இல்ல, தோலுதான். பாய் அப்பிடியே கெடக்கட்டும். என் காலப் புடிச்சுக்கிடுங்க, இழுத்துட்டுப் போயிரலாம்."

"விட்டுட மாட்டேளே?"

"நீங்க விடாம இருந்தாச் சரி."

அவருடைய கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் கைகளால் தண்ணீரைத் தள்ள, இரண்டு பலகையும் நகர்ந்தன. பத்துப் பதினைந்து தள்ளலுக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் பேசியது தமிழில். அவர் பேசியது திருநெல்வேலித் தமிழ்.

என் கைகள் தளர்ந்திருக்க வேண்டும். அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"வெக்கப்படாமப் புடிங்க சார். சமுத்திரம் எழும்பாமப் பாத்துக்கிடுதேன்."

அவர் குதிகால் என் முகத்துக்கு நேராக இருந்தது.

"நீங்க... தமிழா?"

"தாத்தா காலத்துல இங்க வந்தோம். நான் தாராவியிலதான் பொறந்தேன். வீட்டுல தமிழுதான்."

"ஏன் சொல்லலை?"

"மொத நாளே சொல்லிருப்பேன். ஒங்க பேச்ச வச்சே தெரிஞ்சு போச்சு, நம்மாளுன்னு. வாயத் தொறக்கப் போனேன், அதுக்குள்ள வீட்டுக்குப் போன் போட்டுட்டிய. பொறவு எப்பிடிச் சொல்லுதது? சொன்னா ஒங்களுக்குத்தான சங்கடம்."

முதல் நாள் போனில் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருந்தது. 'ஒரு வடக்கத்தி பையாவோட ஜோடி சேத்துட்டா. தாராவில தோல் பட்டறையாம். கிட்ட நின்னாலே வாசனை வரது.' கை எட்டும் தூரத்தில் நின்று அவர் தலை துவட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் கடலிலிருந்து ஏறியதும் மனைவிக்குப் போன் செய்து அன்றைய விவரம் சொல்வது என் வழக்கம். எதையும் விடாமல் சொல்கிறவன் நான். அவர் தின்ற வடாபாவைச் சொல்லியிருக்கிறேன். அவர் விழுந்ததை நடித்தே காட்டியிருக்கிறேன். என் பாலிசி எண்கூட எனக்கு இத்தனை சுத்தமாக நினைவில்லை. ஏழு வாரம் சொன்னது ஒவ்வொன்றும் அந்தக் கணுக்காலைப் பிடித்திருந்தபோது தேதி வரிசையில் வந்தது.

"கேட்டுண்டே இருந்தேளா? எல்லாத்தையும்?"

"காத பொத்திக்கிட்டா நிக்க முடியும்? ஒருத்தன் நம்மளப் பத்தி என்ன நெனைக்கான்னு இவ்வளவு வெவரமா யாருக்கு சார் தெரிய வரும்? எனக்குத் தெரிஞ்சுது." கொஞ்ச தூரம் தண்ணீரைத் தள்ளினார். "மத்ததெல்லாம் போவட்டும்னு சிரிச்சுக்கிட்டேன். எங்க வீட்டுலயும் ஒங்களப் பத்திச் சொல்லத்தான் செஞ்சேன். ஹெல்மெட்டு போட்ட கொக்குன்னு. எம்பொண்டாட்டி ஒங்களப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டு இருக்கா. இன்னைக்கி மோருதான்..."

அதோடு நிறுத்திவிட்டுக் கைகளை வேகமாகப் போட்டார்.

கரையில் மனைவி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே வந்துவிட்டாள். பயிற்சி தரும் பெண்மணி என்னை மணலில் உட்காரவைத்துவிட்டு மருந்துப் பெட்டியை எடுத்து வரப் போனார். உப்புத் தண்ணீரைக் குடித்திருந்ததால் என் தொண்டை காய்ந்திருந்தது. எங்கள் மோர் பாட்டில் குடையடியில் தூரத்தில் இருந்தது. அவர், கடலில் இறங்குமுன் தண்ணீரோரம் கொண்டுவந்து வைத்திருந்த தன் பையைத் திறந்து பச்சை பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"குடிங்க. ஒங்க மோருதான்."

வாங்கினேன். நான் ஊற்றிய அளவு அப்படியே இருந்தது.

"வாய் வச்சே குடிக்கலாம் சார். நான் வாய் வைக்கல."

என் மனைவி கையிலிருந்த துண்டு நழுவியது. அவள் அவரையும் என்னையும் பார்த்தாள். நான் குடித்தேன். சூடேறிப் புளித்திருந்தது. குடித்து முடித்ததும் ஏதாவது சொல்ல வேண்டும். என் வாயிலிருந்து வந்தது, "ஷுக்ரியா."

"தமிழ்லயே சொல்லலாமே. இத்தன நாளா அதுலதான பேசிட்டு இருந்திய?"

என் மனைவி குரல் இறங்கி, "மன்னிச்சுக்கோங்கோ," என்றாள். அவர் அவளைப் பார்த்து, "நீங்க டம்ளர்லதானம்மா குடுக்க வந்திய," என்றார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பயிற்சிப் பெண்மணியிடம் இந்தியில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, சாலைப் பக்கம் நடந்துவிட்டார்.

காலுக்குக் கட்டுப்போடும்போது அந்தப் பெண்மணி சொன்னார்: அடுத்த ஞாயிறு முதல் வேறு ஜோடி வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். உங்களுக்குள் ஏதாவது தகராறா? இல்லை என்றேன்.

டாக்சியில் திரும்பினோம். சயான் சிக்னலில் பூ விற்கும் பெண் கண்ணாடியருகே வந்து நின்றாள். வேறு நாளாக இருந்தால் அவளைப் பற்றி எங்களில் ஒருவர் ஏதாவது சொல்லியிருப்போம். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் அதில் பச்சை பாட்டில். பதற்றத்தில் திருப்பிக் கொடுக்க மறந்திருக்கிறேன்.

மனைவி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "நான் பாவம்னு சொன்னேன்," என்றாள்.

"சொன்னே."

"சொல்லிட்டு டம்ளரை ஒங்க கையில குடுத்துட்டேன். அதுதான் தாங்கலை."

மறுநாள் திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். காபி போட அடுப்படிக்கு வந்த மனைவியிடம் வேண்டாம் என்றேன். பாட்டிலை முந்தின நாளே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தோம். அதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மாட்டுங்காவிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. நல்ல காலுக்கு இருபது நிமிடம். நொண்டிப் போனதில் முக்கால் மணியானது. பிறந்ததிலிருந்து இந்தப் பக்கம் இருக்கிறேன். நடந்து அந்தப் பக்கம் போனதில்லை.

அவர் சொன்ன அடையாளம் சரியாக இருந்தது. பட்டறையின் ஷட்டர் பாதி ஏறியிருந்தது. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தமிழ்ப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேப்பரை மடித்தார்.

"சாரா? இதக் குடுக்கவா இந்தக் காலோட வந்திய?"

"இல்லை," என்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததுதான். "நான் பேசினது தப்பு. மோர் விஷயத்துல பண்ணினது அதைவிடப் பெரிய தப்பு. என்னை மன்னிக்கணும்."

அவர் பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, பக்கத்தில் வைத்தார். உள்ளே யாரோ மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஞாயித்துக்கெழமைக்கு வேற ஆளு பாக்கச் சொல்லிட்டேன்."

"சொன்னாங்க."

"மாத்தச் சொல்ல மாட்டேன்."

"அதைக் கேக்க வரலை."

தலையை ஆட்டினார். இன்னொரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் நகர்த்தினார். "உக்காருங்க. காப்பி குடிச்சாச்சா?"

"இன்னும் இல்லை."

எதிரில் இருந்த டீக்கடையைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இங்ஙன ஊரே குடிக்கிற கிளாஸு சார். ஒரே வாளித் தண்ணியில முக்கித்தான் எடுப்பான். முடியுமா?"

கிளாஸ் வந்தது. விளிம்பில் ஒரு சின்ன மூளி. மூளி இல்லாத பக்கமாகத் திருப்பப் போன கையை நிறுத்தி, கொடுத்தபடியே வாய் வைத்துக் குடித்தேன். இஞ்சி தூக்கலாக இருந்தது. அன்று காலை நான் முதலில் குடித்தது அதுதான்.